கூப்பிடாமல் வந்ததெல்லாம்

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "வீட்டுப் பராமரிப்பு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம் அது. இத்தனை வருஷமும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். இன்றைக்கு உடைத்துச் சொல்லிவிடுகிறேன், வருவது வரட்டும். அவர் மூட்டைப்பூச்சி ஒழிப்பவர்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் எலி வந்தால் ஜனங்கள் ஊருக்கெல்லாம் சொல்வார்கள். கரையான் வந்தால் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள், சொந்த வீடு என்பது அதிலேயே தெரிந்துவிடும் அல்லவா. மூட்டைப்பூச்சி என்றால் மட்டும் மூச்சு விடமாட்டார்கள். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் இவருக்குப் போன் செய்வார்கள். "ஹலோ, இங்க ஒரு சின்ன பிரச்சினை..." அவ்வளவுதான். தங்கள் பெயரையும் சொல்லமாட்டார்கள், பூச்சியின் பெயரையும் சொல்லமாட்டார்கள். இவரும் கேட்கமாட்டார். "புரியுது. பக்கத்துல யாராவது இருக்காங்களா? நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் பதில் சொல்லுங்க" என்பார். அந்த நேரத்தில் அவர் குரலைக் கேட்க வேண்டுமே, எந்த டாக்டரும் தோற்றுப்போவார்.

எல்லாம் பேசி முடித்தபின் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. "என்னன்னு சொல்லிட்டு வரணும்?" அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால் இவர் யார் என்று சொல்ல வேண்டுமே, அதை அந்த வீட்டுக்காரர்களே முடிவு செய்வார்கள். ஒரு வீட்டுக்கு மீட்டர் பார்க்கிறவராகப் போவார். இன்னொரு வீட்டுக்குக் கடிகாரம் பழுதுபார்க்கிறவராகப் போவார். ஒரு வீட்டில் பாட்டு வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். படியேறும்போது எதிர்வீட்டு அம்மாள் வழிமறித்து, தன் மகளுக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். குளிக்கும்போதுகூடப் பாடாத மனுஷர், "இப்போதைக்கு இடம் காலி இல்லம்மா" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு வந்தாராம். பூச்சியைக் கொல்லக் கொண்டுபோன நீராவி இயந்திரப் பெட்டியை அந்த அம்மாள் ஆர்மோனியம் என்று நினைத்திருப்பாள்.

வேலை முடிந்த வீட்டுக்காரர்கள் பிறகு இவரைத் தெருவில் பார்த்தால் யாரோ எவரோ என்று போய்விடுவார்கள். அதில் இவருக்கு வருத்தமே கிடையாது. "அந்த அம்மா இன்னைக்கு என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கிட்டாங்க" என்று வாயெல்லாம் பல்லாக வந்து சொல்வார். "நல்லாத் தூங்கறாங்க போல." அதே காரணத்தால் இவரும் தானாக யாருக்கும் போன் செய்வதில்லை. வேறு யாராவது எடுத்துவிட்டால் குட்டு உடைந்துவிடும் இல்லையா. ஊரே இவரைக் கூப்பிடலாம், இவர் யாரையும் கூப்பிடமாட்டார். தொழிலுக்கென்று வைத்துக்கொண்ட விதி, போகப்போக உடம்பிலேயே ஊறிவிட்டது. கூடப்பிறந்த தம்பிக்குக்கூட இவராகப் போன் போட்டதில்லை.

என் கதை வேறு. நான் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்கப் போன் எடுக்கிறவள். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சனியனைத் தொடவே பிடிக்காது. இவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அடுப்படியில் நின்று ஒரு சத்தம் கொடுப்பேன். எந்த அறையில் இருந்தாலும் கேட்டுவிடும். எதிர்வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கிறது என்பது அவருடைய குறை. ஆக, என் போனிலிருந்து அவர் போனுக்கு அழைப்பே போவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்களுக்கு ஒரே மகள். அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள், மூக்கு, நடை, ரோஷம் எல்லாம் அச்சு அப்படியே. கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, பஸ்ஸில் போனால் அரை நாள் ஆகும் ஊரில் மாமியாரோடு குடியிருக்கிறாள். அப்பாவுக்கு வீட்டுப் பராமரிப்பு வேலை என்றுதான் அங்கேயும் சொல்லிவைத்திருந்தாள். அந்த வீட்டுக்கு நாங்கள் முதல் தடவையாகப் போன அன்றுதான் வினை வந்தது.

இவருக்கு ஒரு பழக்கம். எந்த இருக்கையையும் புரட்டிப் பார்க்காமல் உட்காரமாட்டார். பஸ்ஸிலும் அப்படித்தான், டாக்டர் வீட்டிலும் அப்படித்தான். வரும் வழியெல்லாம் நான் படித்துப் படித்துச் சொன்னேன், "அங்க போய் ஆரம்பிச்சுடாதீங்க." தலையாட்டினார். சம்பந்தியம்மா நல்ல மாதிரி. வெளுத்த உறை போட்ட சோபாவைக் காட்டி "உக்காருங்க" என்றார்கள், டீ எடுத்துவர உள்ளே போனார்கள். திரும்பி வருவதற்குள் இவர் சோபா மெத்தையைத் தூக்கி, போனில் டார்ச்சைப் போட்டு, தையல் ஓரத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். அதோடு விட்டாரா? டீத் தட்டோடு நின்ற சம்பந்தியம்மாவை நிமிர்ந்து பார்த்து, தன் தொழில் குரலில், "பயப்படாதீங்க, ஆரம்ப நிலைதான்" என்றார்.

சம்பந்தியம்மா முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். எனக்கு அந்த மெத்தைக்கு அடியிலேயே புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது, ஆரம்ப நிலையாக இருந்தாலும் பரவாயில்லை என்று.

கிளம்பும்போது மகள் படிக்கட்டு வரைக்கும் வந்தாள். கண் சிவந்திருந்தது. "இனிமே நான் கூப்பிடாம இந்த வீட்டுப் பக்கம் வராதீங்கப்பா" என்றாள்.

"நீயாக் கூப்பிடற வரைக்கும் நான் போன்கூடப் பண்ண மாட்டேன்" என்றார் இவர்.

இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள். அதுதான் எங்கள் வீட்டுக்குப் பிடித்த சாபம். பஸ்ஸில் பாதி வழி வந்தபின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்" என்றார்.

"இருந்தா என்ன? உங்களைக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

அதன்பின் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் மட்டும் பேசுவாள். அப்பா என்ற பேச்சையே எடுக்கமாட்டாள். நான் பேசும்போது இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த நீராவிக் குழாயை மறுபடி துடைப்பார். காது மட்டும் என் பக்கம் இருக்கும். "யாரு?" என்பார், தெரியாதவர் மாதிரி. "உங்க பொண்ணுதான்" என்பேன். "ம்" என்பார். அந்த 'ம்'மைக் கேட்டால் எனக்குக் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இப்போது இவருடைய போனுக்கு வருகிறேன். தன் கல்யாணத்துக்கு முன்னால் மகள் வாங்கிக்கொடுத்த போன் அது. "இதுல நாம தினமும் பேசலாம்பா" என்று சொல்லிக் கொடுத்தாள். அவள் கூப்பிட்டால் அதில்தான் கூப்பிடுவாள் என்று இவர் காத்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சொல்லமாட்டார், "தொழிலுக்கு வேணும்" என்பார். ஆனால் பல் விளக்குவதற்கு முன்பே போனை எடுத்துப் பார்க்கிற மனுஷர், பூச்சிக்காகவா பார்க்கிறார்?

காத்திருக்க விட்டதா அந்தப் போன்? காலையில் முழு சார்ஜோடு கிளம்புவார், மத்தியானம் அது வாயைப் பிளந்துவிடும். மகள் கூப்பிடுகிற நேரத்தில் செத்துக்கிடந்தால் என்ன ஆவது என்று இவருக்கு ஒரே பயம். வேலைக்குப் போகிற வீடுகளில் சார்ஜ் போட முடியாது. பிளக்கெல்லாம் நீராவி இயந்திரத்துக்கே போய்விடும். அதனால் வழியில் எங்கே பிளக் இருக்கிறது என்று தேடி அலைந்தார். முடிவெட்டும் கடையில் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. சும்மா போய்ச் சார்ஜ் போட மனம் வராமல், ஒவ்வொரு தடவையும் தலையைக் கொடுத்தார். பேட்டரி ஏற ஏறத் தலையில் முடி குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் முடிவெட்டுகிறவரே, "அண்ணே, இனிமே வெட்ட ஒண்ணும் இல்ல, நீங்க சும்மாவே உக்காருங்க" என்று சொல்லிவிட்டாராம்.

"அந்தப் போனை நீராவிக்குள்ள வச்சு தினமும் அவிச்சா எந்த பேட்டரிதான் தாங்கும்?" என்று நான் சொன்னேன். உண்மையும் அதுதான். சட்டைப்பையில் போனைப் போட்டுக்கொண்டுதான் அந்த வேகாத வேக்காட்டில் கட்டிலுக்கு அடியில் தவழுவார். ஆனால் நான் சொல்லி எதை நம்பியிருக்கிறார்? அவருக்கு ஆத்திரமெல்லாம் போனுக்குள் ஏற்கெனவே குடியிருந்த ஆப்களின் மேல்தான்.

இவர் கேட்காமலே வந்தவை அவை. காலடி எண்ணுகிற ஆப் ஒன்று இருந்தது. நாள் முழுக்க முட்டிபோட்டுத் தவழ்ந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம், "இன்று நீங்கள் அசையவே இல்லை! கொஞ்சம் நடக்கலாமே!" என்று கைதட்டும் படத்தோடு சொல்லும். வானிலை ஆப், எந்த ஊரோ ஒன்றில் பனி பெய்கிறது என்று தினமும் கவலைப்படும். போனைச் சுத்தம் செய்கிற ஆப் ஒன்று, "உங்கள் போன் அழுக்காக இருக்கிறது" என்று மணிக்கொருதரம் மானத்தை வாங்கும். கிரீடம் வைத்த கோழி ஒன்று "வா, விளையாடலாம்" என்று கூப்பிடும். ஒரு வீட்டில் பரம ரகசியமாக மெத்தையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கோழி கொக்கரித்து, பக்கத்து அறையில் தூங்கிய குழந்தையை எழுப்பிவிட்டது. அழிக்கலாம் என்று அழுத்தினால், அதை அழிக்க வழியே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனுக்குள் குனிந்திருந்தார். செட்டிங்ஸில் எங்கேயோ நுழைந்து, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்.

"உள்ள ஒரு ஊரே இருக்கும்மா! நாம பார்க்கிறது கொஞ்சம்தான், மத்ததெல்லாம் இடுக்குல ஒளிஞ்சிருக்கு" என்றார். முகத்தில் அப்படி ஒரு களை. வேலை தொடங்குகிற நேரத்து முகம் அது.

இவருடைய தொழில் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். எந்தக் கட்டிலில் பூச்சி, எந்தக் கட்டிலில் இல்லை என்று இவர் பிரித்துப் பார்க்கமாட்டார். அறைக்குள் போனால் ஒரு இடுக்கு பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் நீராவிதான். "கூப்பிடாம வந்தது எல்லாம் பூச்சிதான்" என்பது அவருடைய கொள்கை. "பாவம் பார்த்து ஒண்ணை விட்டோம்னா, திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள குடும்பமே வந்துடும்."

அதையே போனுக்கும் செய்தார். ஒவ்வொன்றாகத் திறந்து, "உன்னை நான் கூப்பிட்டேனா?" என்று கேட்டுவிட்டு முடக்கினார். முடக்க முடியாது என்று அடம்பிடித்தவற்றை, அறிவிப்பு கொடுக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது, திரையில் தலைகாட்டக்கூடாது என்று இருந்த அனுமதியையெல்லாம் பிடுங்கிவிட்டார். "சாகலைன்னா வாயையாவது கட்டிப்போடணும்."

"பார்த்துங்க, வேண்டியது எதையாவது கட்டிப்போட்டுடப் போறீங்க" என்றேன்.

"நானா வச்சது எனக்குத் தெரியாதா? இதுல நான் வச்சது ஒண்ணுகூட இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒன்று விடாமல் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

பலன் உடனே தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் போனில் பாதிக்கு மேல் சார்ஜ் நின்றது. அதற்கடுத்த நாளும் சாகவில்லை. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரர் முதல் மாடிவீட்டுக்காரர் வரை எல்லாரிடமும் போனை நீட்டி, "எவ்வளவு இருக்கு, பாருங்க" என்று காட்டினார். சார்ஜரைப் பையிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டார். முடிகூடக் கொஞ்சம் வளர ஆரம்பித்தது. "கோழி இல்ல, பனி இல்ல, ஒரு தொல்லை இல்ல. எவ்வளவு அமைதியா இருக்கு பாரு" என்று போனைத் தடவிக்கொடுத்தார்.

அமைதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தது.

ஒப்புக்கொண்டிருந்த வீடுகள் முடிந்தன. புதிதாக யாரும் கூப்பிடவில்லை. முதலில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இயந்திரத்தைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினார். பெட்டிக்குப் புதுக் கைப்பிடி வைத்தார். அப்புறம் எங்கள் வீட்டுக் கட்டிலையே புரட்டிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்துபோனார்.

"ஊர்ல பூச்சியே இல்லாமப் போச்சு போல" என்றார் ஒரு நாள்.

"எல்லாத்தையும் நீங்கதான் ஒழிச்சுட்டீங்களே" என்றேன். வழக்கமாக இதற்கெல்லாம் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"புதுசா யாரோ கம்பெனி வச்சிருக்காங்களாம். சின்னப் பசங்க. சீருடை எல்லாம் போட்டுக்கிட்டு வர்றாங்களாம்" என்றார்.

மற்ற தொழிலாக இருந்தால் நாலு பேர் வீட்டுக்கே வந்து, "என்னப்பா, போனை எடுக்கவே மாட்டேங்கிற" என்று சண்டை பிடித்திருப்பார்கள். இவரைத் தேடி யார் வருவார்கள்? வாசலில் வந்து நின்றாலே மானம் போய்விடும். தெருவில் எதிரே வந்தால்கூட வாய் திறக்கமாட்டார்கள். குளியலறைக்குள் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, குழாயை மூடிவிட்டுச் சொறிந்துகொண்டே வெளியே வந்திருப்பார்கள்.

இவர் முகம் நாளுக்கு நாள் தொங்கிப்போனது. மேசையில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு சாயங்காலம் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, "கூப்பிட ஆள் இல்லாதவனுக்கு எதுக்கு இவ்வளவு சார்ஜ்?" என்றார். எந்த ஆளை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? இந்த மனுஷரை இத்தனை வருஷம் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டிய எனக்கு, அன்றைக்கு அதற்கு மனம் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். ஆறவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே என்னைக் கூப்பிட்டாள். குரல் விறைப்பாக இருந்தது. எடுத்த எடுப்பில், "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் அப்பா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"இருக்கார். ஏன்டி?"

"ஒண்ணுமில்ல. ரோஷம் இவ்வளவு இருக்கே, உடம்பு தாங்குதான்னு கேட்டேன். எடுக்க இஷ்டம் இல்லன்னா விடச்சொல்லு. நானும் இனிமே கூப்பிடல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஏது என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர். குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"ஏய், குளியலறைக்குள்ள நின்னா பேசற?" என்றேன்.

"இல்லையே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அன்றைக்கு ஆரம்ப நிலை, இப்போது முற்றிவிட்டது. என்னிடம் சொன்னால், "அன்னைக்கே அவர் சொன்னாரே" என்று குத்திக்காட்டுவேன் என்று பயந்திருக்கிறாள். காட்டியிருப்பேன்தான். அதனால் நேராக அப்பாவையே கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் இவருக்கு ஏன் வரவில்லை?

உள்ளே ஓடினேன். சோபாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நின்று, என் போனிலிருந்து அவர் எண்ணை அழுத்தினேன். என் காதில் மணி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அவர் கையில் இருந்தது கல்லாகக் கிடக்கிறது. ஒரு சத்தம் இல்லை, ஒரு வெளிச்சம் இல்லை.

"என்னங்க, உங்க போனைப் பாருங்க" என்றேன்.

எடுத்துப் பார்த்தார். "எண்பது இருக்கு" என்றார்.

"ஐயோ, எண்பதைக் கொண்டு போய்க் குப்பையில போடுங்க!" என்று நான் போட்ட சத்தம் அன்றைக்கு உண்மையாகவே எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். என் போனை அவர் காதில் வைத்தேன். மணி போவதைக் கேட்டார். தன் கையைப் பார்த்தார். மறுபடி கேட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"அவ கூப்பிட்டாளா?" என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. வாடிக்கையாளர் யார், எவ்வளவு வேலை போயிற்று, ஒன்றுமே இல்லை.

"கூப்பிட்டிருக்கா. நீங்க வேணும்னே எடுக்கலன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

நான் மகளைத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள், இவர் பெற்றதாயிற்றே. இவரை இழுத்துக்கொண்டு முனையில் இருக்கும் போன் கடைக்கு ஓடினேன். கடையை நடத்துகிற பெண் எங்களை உட்காரச் சொன்னாள். அங்கே பஞ்சு பிதுங்கிய பழைய நாற்காலி ஒன்று கிடந்தது. அதைப் புரட்டிப் பார்க்காமல், ஒரு பார்வைகூடப் பார்க்காமல், அதில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார் என் வீட்டுக்காரர். அவர் எந்த நிலையில் இருந்தார் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, இதுல போனுக்கே வாயைக் கட்டி வச்சிருக்கீங்களே" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"போன் பேசறதும் ஒரு ஆப்தாண்ணே. முதல்லயே உள்ள இருக்கிறது. அழைப்பு வந்தா மணி அடிக்கக்கூடாது, திரையில காட்டக்கூடாதுன்னு நீங்க தடை போட்டுட்டீங்க. எல்லா அழைப்பும் உள்ள வந்து, சத்தமில்லாம போயிருக்கு."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வைக்கலையேன்னு..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

"சரி விடுங்க. இதை மட்டும் எடுத்துவிடறேன். மத்ததெல்லாம் அப்படியே கிடக்கட்டும், அதெல்லாம் வேண்டாத குப்பைதான்" என்றாள் அவள்.

"வேண்டாம்மா!" என்று பதறி எழுந்தார். "எல்லாத்தையும் எழுப்பிவிடு. ஒண்ணுகூட விடாம."

"கோழி விளையாட்டையுமா?"

"கோழியையும்தான். எது யாருன்னு எனக்குத் தெரியலையேம்மா. எல்லாரும் இருந்துட்டுப் போகட்டும்."

வாழ்நாள் முழுக்க ஒரு பூச்சிக்குக்கூட இரக்கம் காட்டாத மனுஷர் கைகூப்பாத குறையாகக் கேட்டார். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எழுப்பினாள். கல்லா மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. கோழி கொக்கரித்தது. எங்கேயோ பனி பெய்தது. உங்கள் போன் அழுக்காக இருக்கிறது என்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் மளமளவென்று இறங்கியது. அவள் போனைத் திருப்பிப் பார்த்து, "பேட்டரி வேற உப்பியிருக்கு. இதை எங்கயாவது வேக வச்சீங்களாண்ணே?" என்று கேட்டாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் கடையின் கூரையை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார். புது பேட்டரி வரவழைத்துத் தருவதாகவும், அதுவரைக்கும் போனைச் சூட்டில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

வெளியே வந்ததும், "வீட்டுக்குப் போய் சார்ஜ் போடுங்க. அவ கூப்பிட்டா வரும்" என்றேன்.

அவர் நடக்கவில்லை. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, போனில் எதையோ தேடினார். தானாக யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லாத விரல், தப்புத் தப்பாகப் பட்டது. கடைசியில் மகளின் படம் வந்தது. அழுத்தினார். எப்படி என்று தெரியாமல் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார். மணி போனது.

எடுத்தாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இவருக்கு அப்பாவாகப் பேச வரவில்லை. பிறகு வந்தது அந்தத் தொழில் குரல்தான், ஆனால் கொஞ்சம் உடைந்து வந்தது. "பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லன்னு மட்டும் பதில் சொல்லுங்க."

அப்புறம் மெதுவாக, "ஆமா" என்றாள்.

"சோபாவுல மட்டுமா?"

"இல்ல."

"கட்டிலுக்கும் வந்துடுச்சா?"

"ஆமா." மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழறீங்களா?"

"இல்ல" என்றாள் அழுதுகொண்டே. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமாப்பா?"

"எனக்குக் கேக்கலம்மா. கூப்பிடாம வந்ததையெல்லாம் ஒழிக்கிறேன்னு, நீ கூப்பிடறதையும் சேர்த்து ஒழிச்சுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். போன் சிவப்புக் காட்டிப் பீப் பீப் என்றது. அவர் அதைப் பார்த்துப் பதறிப்போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியை அவசரமாகக் கேட்டார். "என்னன்னு சொல்லிட்டு வரணும்?"

அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது. கதவுக்கு வெளியே மாமியார் இருந்திருப்பார், மாப்பிள்ளையும் இருந்திருப்பார். அவள் குரலைத் தணிக்கவே இல்லை, என்னை மாதிரியே சத்தமாகச் சொன்னாள்.

"எங்க அப்பான்னு சொல்லிட்டு வாங்க."

இவர் 'சரி' என்று சொல்வதற்குள் போன் செத்துவிட்டது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை எடுக்க வீட்டைப் பார்த்து நடந்தார். என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை, மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன். அந்தக் காலடி எண்ணுகிற ஆப் மட்டும் அப்போது உயிரோடு இருந்திருந்தால், அன்றைக்காவது வாய்விட்டுப் பாராட்டியிருக்கும்.